இரண்டு சொல்லை மீட்க ஆறு வாரம்

“எத்தனை நாளா?”

எங்கள் குறும்படத்தின் 11ஆவது நிமிடத்தில் பாட்டி கேட்கும் கேள்வி இது. இரண்டே சொல். படம்பிடித்த அன்று சரியாக இந்த இரண்டு சொல்லின் மேல் பிரஷர் குக்கர் விசில் அடித்துவிட்டது. அப்போது நான் கவனிக்கவில்லை. எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அதைச் சரிசெய்ய ஆறு வாரம் பிடித்தது. கையிலிருக்கும் காசில் தமிழ்ப் படம் எடுக்கும் யாருக்காவது உதவும் என்று நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

முதலில் படத்தைப் பற்றி. 17 நிமிடம். சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அம்மாவோடும் பாட்டியோடும் இருக்கும் 16 வயதுப் பெண், உயர்நிலை நான்கில் படிப்பவள், தன் வகுப்புத் தோழியை விரும்புகிறாள். முதலில் தோழியிடம் சொல்கிறாள். அப்புறம் பாட்டியிடம் சொல்கிறாள். கதை அவ்வளவுதான். யாரும் யாரையும் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை, யாரும் சாவதில்லை. கடைசிக் காட்சியில் அந்தப் பெண் உயிரோடு, அதே வீட்டில், தட்டில் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். 16 வயதில் எனக்கும் இதே கதைதான். என் பாட்டியிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று இப்போதும் யோசிக்கிறேன். அதனால் என்னைப் பொறுத்தவரை அந்த அடுப்படிக் காட்சிதான் படம். மற்றதெல்லாம் அங்கே போய்ச் சேருவதற்கான வழி.

கதை நடப்பது 2022 ஆகஸ்டில். அந்த மாதம் 21ஆம் தேதி, தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 377ஏ சட்டப்பிரிவு நீக்கப்படும் என்று அறிவித்தார். நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. 2023 ஜனவரி 3 முதல் நீக்கம் நடப்புக்கு வந்தது. 1938இலிருந்து இருந்த அந்தப் பிரிவு ஆண்களுக்கு இடையிலான உறவை மட்டுமே குற்றமாக்கியது. பெண்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. ஆனாலும் என் நாயகி வாயைத் திறக்க முடியாமல்தான் இருக்கிறாள். வீட்டுக்குள் இருக்கும் மௌனம் சட்டப் புத்தகத்தைப் பார்த்து வருவதில்லை. அந்த உரை கூடத்தில் ஓடும்போது அவள் தன் அறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துக் கேட்கிறாள். தொலைக்காட்சிப் பதிவுக்கு உரிமை வாங்க எங்களிடம் வசதி இல்லை. சுவரில் ஆடும் நீல வெளிச்சம், புரிந்தும் புரியாத ஒரு முணுமுணுப்பு, இவ்வளவுதான் வைத்தோம். உரையையே வைத்திருந்தால்கூட இவ்வளவு சரியாக வந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

படப்பிடிப்புக்கு முன்னால் ஒலி விஷயத்தில் நான் அசட்டையாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. வீவக வீட்டில் மேல்மாடியில் யாராவது ஓடு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். புதுப்பிப்பு வேலைக்கு ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் அனுமதி இல்லை என்பதால் ஞாயிறாகப் பார்த்துத் தேதி வைத்தேன். விடியற்காலை வேண்டாம் என்றும் முடிவு செய்தேன், காரணம் குயில். ஊர்க் கவிதையில் குயில் இனிமை. ஈசூன் புளோக்குகளுக்கு நடுவே காலை ஆறு மணிக்கு அது கூவினால் நான்கு பக்கச் சுவரும் எதிரொலிக்கும், அதற்குப் பிறகு மைக்கில் வேறெதுவும் கேட்காது. அடுப்படியில் குளிர்பதனப் பெட்டியை அணைத்தோம். அணைக்கும்போது வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட வேண்டும். வேலை முடிந்து கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், பெட்டியைத் திறப்பீர்கள், மறக்காமல் மறுபடி போடுவீர்கள். மீனும் பாலும் கெடாது. இதை ஒரு மூத்த ஒலிப்பதிவாளரிடம் கற்றுக்கொண்டேன்.

விளக்கும் அப்படித்தான். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டின் கீழே ஷட்டரை அதோடு ஒத்துப்போகும்படி, வினாடியில் 50இல் ஒரு பங்கு என்பது போல, வைக்காவிட்டால் படத்தில் கரும்பட்டைகள் நெளியலாம். அதையும் பார்த்து, வினாடிக்கு 25 பிரேம் என்று வைத்துக்கொண்டேன். இந்த 25 பின்னால் வேறொரு வேலை வைத்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நாயகியாக நடித்தவர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, 19 வயது. பாட்டியாக நடித்தவர் நடிகை அல்ல. என் அம்மாவின் புளோக்கில் மூன்று வீடு தள்ளி இருப்பவர். 74 வயது. அவருடைய அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பாட்டி பிறந்ததும் அங்கேதான். படத்தின் கதையை முழுவதும் சொல்லித்தான் அவரிடம் கேட்டேன். எதையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்து, “அந்தப் பிள்ளை கடைசியில நல்லா இருக்குமா?” என்றார். இருக்கும் என்றேன். “அப்ப நான் வரேன்” என்றார்.

அடுப்படிக் காட்சி இதுதான். பாட்டி கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறார். பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்து உருவுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து, “பாட்டி, எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு” என்கிறாள். பாட்டி கையை நிறுத்தாமல், “பிடிச்சிருக்குன்னா? பிரியமா?” என்கிறார். அவள் தலையாட்டுகிறாள். இதற்குப் பிறகு நான் எழுதி வைத்திருந்த வசனம், “எனக்குப் புரியுது கண்ணு.”

மூன்று டேக்கிலும் பாட்டி அதை வரி மாறாமல் சொன்னார். பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. நான்காவது டேக்கில் அந்த வரியைச் சொல்லவே இல்லை. கீரைத் தண்டைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்தார். “எத்தனை நாளா?” என்று கேட்டார். நாயகியாக நடித்த பெண்ணுக்கு இது எதிர்பாராத கேள்வி. ஒரு கணம் திகைத்து, “ரெண்டு வருஷமா” என்றாள். அவள் கண் நிரம்பியது. நான் கேமராவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

அழுததால்தான் விசிலைக் கவனிக்கவில்லை.

ஒலிப்பதிவுக்கு வரவேண்டிய நண்பருக்கு அன்று காய்ச்சல். ரெக்கார்டரை நானே தோளில் மாட்டிக்கொண்டேன், இயக்கவும் செய்தேன். ஒரே ஆள் இரண்டையும் செய்யக்கூடாது. அடுப்படி சின்னது, நீளக் கம்பில் தொங்கும் பூம் மைக் நுழைந்தால் நிழல் விழுகிறது என்று காலர் மைக்கை மட்டும் நம்பினேன். பாட்டியின் குரல் மெல்லியது, அதனால் பதிவளவை நன்றாக ஏற்றி வைத்தேன். அடுப்பில் குக்கர் நிஜமாகவே வெந்துகொண்டிருந்தது. நீராவி தெரியட்டும், உண்மையாக இருக்கட்டும் என்று நான்தான் வைத்தேன். உண்மையாகவே விசில் அடித்தது.

இப்போது கேட்டால் சொல்வேன்: சத்தம் போடும் எதையும் நடிகர் பேசும்போது உயிரோடு விடாதீர்கள். நீராவி வேண்டுமென்றால் வெயிட்டைக் கழற்றிவிட்டு வெறும் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள். விசிலைத் தனியாகப் பதிவு செய்து பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் மென்பொருளை நம்பினேன். குரலைப் படமாகக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி. பாட்டியின் குரல் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கோடுகளாகத் தெரியும், சேலைக் கரையைப் பக்கவாட்டில் பிடித்தது போல. அந்த இரண்டு சொல் இருக்க வேண்டிய இடத்தில் கீழே கொஞ்சம் கரை தெரிந்தது. மேலே முழுவதும் வெள்ளைச் சுவர். அதுதான் விசில். சுவரை அழிக்க அழிக்கக் குரலும் சேர்ந்து போயிற்று. உயிரெழுத்துகள் ஏதோ மிஞ்சின. ‘த்த’வின் தட்டு போய்விட்டது. கிணற்றுக்குள் இருந்து யாரோ “எஹ்ஹனை” என்பது போல இருந்தது.

அதைவிடப் பெரிய சேதம் அலைவடிவத்தில் இருந்தது. அளவை ஏற்றி வைத்திருந்ததால் விசில் அடித்த நொடியில் அலையின் தலை தட்டையாகச் சீவப்பட்டிருந்தது. அப்படிச் சீவியது 24 பிட் பதிவில் திரும்ப வராது. அங்கே தகவலே இல்லை. 32 பிட் ஃபுளோட் ரெக்கார்டராக இருந்திருந்தால் பெரும்பாலும் கீழே இறக்கிக் காப்பாற்றியிருக்கலாம். மைக்கே தாங்காத சத்தம் என்றால் அதுவும் கைகொடுக்காது. பத்து இரவு இதில் போனது. போனது போகட்டும் என்று விட்டேன்.

மற்ற டேக்குகளில் தேடுவது அடுத்த வழி. வழக்கமாக இதுதான் கைகொடுக்கும். ஒரு டேக்கின் படத்துக்கு இன்னொரு டேக்கின் குரலை வைத்துவிடலாம். ஆனால் பாட்டி அந்தக் கேள்வியைக் கேட்டதே ஒரு தடவைதான். “எனக்குப் புரியுது கண்ணு” மூன்று முறை சுத்தமாக இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? உதட்டுக்கும் ஒட்டாது, காட்சிக்கும் ஒட்டாது. மூன்றாவது டேக்கையே படத்தில் வைத்துவிட்டால் என்ன என்று எடிட்டிங்கில் உதவிய தோழி கேட்டார். வைத்துப் பார்த்தோம். பாட்டி எல்லாம் புரிந்தவர் போல, பெரிய மனது படைத்தவர் போல இருந்தார். பெண்ணுக்கு அழ ஒன்றும் இல்லை. “புரியுது” என்பவர் பேச்சை முடித்து வைக்கிறார். “எத்தனை நாளா?” என்பவர் ஆரம்பித்து வைக்கிறார். நான் எழுதியது தவறு, பாட்டி கேட்டதுதான் சரி.

மூன்றாவது வாரம் டப்பிங். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு. டப்பிங்கில் மூன்று பீப் ஒலி ஒரு வினாடி இடைவெளியில் கேட்கும். நான்காவது பீப் வரவேண்டிய இடத்தில் பேசத் தொடங்க வேண்டும். பாட்டிக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டேன். பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி கண்ணை இமைக்காமல் காத்திருந்தார். பீப், பீப், பீப். “எத்தனை நாளா?”

நேரம் கச்சிதம். ஆனால் கேட்ட மாத்திரத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பாலிகிளினிக்கில் மருத்துவர் காய்ச்சலைப் பற்றிக் கேட்பது போல இருந்தது. இருமல் எத்தனை நாளா, வயிற்றுவலி எத்தனை நாளா. தமிழில் இந்தக் கேள்வியை நாம் அதிகம் கேட்பது நோயைப் பற்றித்தானே! அன்றைக்கு அடுப்படியில் கேட்டபோது அந்த வாடையே இல்லை. இப்போது தொனி ஒரு நூல் பிசகியதும் படத்தின் பொருளே தலைகீழாகிவிட்டது. தன் பேத்தியின் காதலைப் பாட்டி வியாதி என்று நினைப்பதாக ஆகிவிட்டது. இதை எடுத்துக்கொண்டு நான் எந்த அரங்குக்கும் போக முடியாது. அதிலும் அப்படிக் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளை அரங்கில் உட்கார்ந்திருந்தால்?

இருபது தடவை சொல்ல வைத்தேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் அதிகமாக மருத்துவமனை வந்தது. பாட்டி களைத்துவிட்டார். வெளியே காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

“பாட்டி, அன்னைக்கு நீங்க இப்படிக் கேக்கலையே.”

“அன்னைக்கு எதுக்குக் கேட்டேன்னு உனக்குத் தெரியலையா?” என்றார். “ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்து சிராங்கூன் ரோட்டுப் பக்கம் தங்கியிருப்பாங்க. நமக்குச் சொல்ல மாட்டாங்க. ஒரு வாரம் கழிச்சுத் தேக்கா மார்க்கெட்ல பாப்போம். அப்பக் கேப்போமே, வந்து எத்தனை நாளான்னு. அந்தக் கேள்விம்மா இது. இத்தனை நாளா என்கிட்ட வராம எங்க இருந்தேன்னு கேக்குறேன்.”

நான் அந்த வரியை இயக்கியவள். நூறு தடவை கேட்டவள். அதற்குள் இருந்தது மனத்தாங்கல் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. உரிமை உள்ளவர்களிடம் மட்டும் வருகிற மனத்தாங்கல்.

அப்புறம் வழி கிடைத்துவிட்டது. நடிப்புப் பழக்கம் இல்லாதவரிடம் “இந்தத் தொனியில் சொல்லுங்கள்” என்று கேட்பதில் பயனில்லை. முழு வாக்கியத்தைச் சொல்ல வைத்து, வேண்டாத சொல்லை வெட்டிவிட வேண்டும். “வந்து எத்தனை நாளா?” என்று கேட்கச் சொல்லி, ‘வந்து’வை எடுத்துவிட்டால் தொனி தானாக வரும். பஞ்சு அறையையும் விட்டுவிட்டு, அதே அடுப்படிக்கே போவது என்று முடிவு செய்தேன். குரல் என்பது தொண்டையில் மட்டும் இல்லை. ஓடு பதித்த சுவர், பாத்திர அலமாரி, கீழே உட்கார்ந்த முதுகு எல்லாம் சேர்ந்துதான்.

நான்காவது ஞாயிறு. தேக்காவில் இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு போனேன். அதே சேலை, காலர் மைக் அதே மடிப்பில். இந்த முறை படம் எடுக்கவில்லையே, நிழல் விழுந்தால் என்ன என்று பூம் மைக்கையும் பாட்டியின் நெற்றிக்கு ஒரு முழம் மேலே நிறுத்தினேன். ஒலிப்பதிவு நண்பர் வந்திருந்தார். நான் எந்தக் கருவியையும் தொடவில்லை. நாயகியின் இடத்தில் கீரை உருவ உட்கார்ந்தேன்.

முதல் சிக்கல் இலக்கணம். பாட்டி இயல்பாகக் கேட்டார், தொனி அற்புதம். ஆனால் அவர் சொன்னது “வந்தெத்தனை நாளாச்சு”. பள்ளிக்கூடத்தில் படித்த குற்றியலுகரப் புணர்ச்சி கண்முன்னால் நடந்தது. ‘வந்து’வின் உகரம் ஓடிவிட்டது, ‘எ’ போய் ‘த்’தில் ஏறிக்கொண்டது. மென்பொருளில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் இரண்டு சொல்லுக்கும் நடுவே கத்தி வைக்க இடமில்லை. வெட்டினால் “தெத்தனை” என்று வருகிறது. நிறுத்திச் சொல்லுங்கள் என்றால் மறுபடி பாடம் ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார்.

நண்பர்தான் யோசனை சொன்னார். ‘வந்து’ என்றதும் ஒரு இலையைக் கிள்ளட்டும், அப்புறம் மீதியைக் கேட்கட்டும். கை வேலை செய்தால் வாய் தானாக நிற்கும். பாட்டி வந்து என்றார், ஒரு கொத்தை உருவினார், என்னைப் பார்த்து “எத்தனை நாளா?” என்றார். அந்த இடைவெளியில் ஒரு முழு விரல் நுழையும். மூன்று முறை எடுத்தோம், இரண்டாவதுதான் இப்போது படத்தில் இருக்கிறது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார் என்பதையும் எழுதிவிடுகிறேன். நானும் அதற்குப் பதில் சொன்னேன். அது படத்துக்கு வேண்டாத பகுதி.

அப்புறம் ஒட்டு வேலை. இதில் ஒரு விஷயம் எங்களுக்குச் சாதகமாக அமைந்தது. “எத்தனை நாளா” என்பதில் உதட்டுக்கு வேலை வைக்கும் எழுத்தே இல்லை. ப இல்லை, ம இல்லை, வ இல்லை. எல்லாம் நாக்கின் வேலை. மாற்றுக் குரல் என்று பார்ப்பவர் கண்டுபிடிப்பது பெரும்பாலும் உதடு மூடும் இடத்தில்தான். “பிரியமா?” என்ற வரியில் விசில் விழுந்திருந்தால் நாங்கள் தொலைந்தோம். இங்கே தாடை இறங்கும் இடத்தில் ‘நா’வைச் சரியாக வைத்தால் போதும். ஒரு பிரேம் 40 மில்லி வினாடி. இரண்டு பிரேம் முன்னால் தள்ளியதும் உட்கார்ந்துவிட்டது.

குரலின் அடியில், படப்பிடிப்பு நாளில் எடுத்த ரூம் டோனை விரித்தேன். யாரும் பேசாமல் அந்த அடுப்படி மட்டும் மூச்சுவிடும் 40 வினாடி. அன்று எல்லாவற்றிலும் கோட்டை விட்ட நான் இதை மட்டும் ஒழுங்காக எடுத்திருந்தேன். இது இல்லாவிட்டால் புதிய சொற்கள் மட்டும் ஒரு ஓட்டையிலிருந்து வருவது போலக் கேட்கும். கீழே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள உறுமலை இரண்டிலும் ஒரே மாதிரி வெட்டினேன். பூம் மைக்கில் வந்தது கொஞ்சம் அதிகத் தெளிவாக இருந்தது, காலர் மைக்கில் வந்ததை அதோடு பாதி கலந்தேன்.

விசிலை முழுவதும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் பெண்ணின் கண் சட்டென்று அடுப்புப் பக்கம் போய்த் திரும்புகிறது. விசில் இல்லாமல் அந்தப் பார்வைக்குக் காரணம் இல்லை, பொய் சொல்பவள் மாதிரி இருக்கிறாள். ஆகவே தனியாகப் பதிவு செய்த ஒரு விசிலை அதே இடத்தில் வைத்து, 14 டெசிபெல் இறக்கி, அதன் வால் தேயும்போது பாட்டியின் கேள்வி எழும்படி செய்தேன். சேதம் செய்த அதே சத்தம் இப்போது காட்சிக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வாரம் தமிழ் வசனவரிகளுக்குப் போனது. நாயகியும் தோழியும் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள், தோழி சீனப் பெண். அவற்றுக்குத் தமிழ் வரி வேண்டும், பாட்டி போன்றவர்கள் படிக்க வேண்டும். முதலில் “எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது” என்று எழுதினேன். கட்டுரைப் பயிற்சி மாதிரி இருந்தது. “எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு” என்று மாற்றினேன். பிறகு பாட்டியிடம் அவள் சொல்லும் அதே சொல் என்பதால் இரண்டு காட்சியும் தானாகக் கைகோத்துக்கொண்டன. தோழி ஒரு இடத்தில் ‘குவியர்’ என்கிறாள். 2022 ஆகஸ்டில், அதாவது என் கதை நடக்கும் அதே மாதத்தில், சென்னை உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரைக் குறிக்கும் மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அப்படிச் சொற்கள் இருப்பது பெரிய பலம். படத்தின் அறிமுகக் குறிப்பில் குவியருக்கு ஈடான ‘பால்புதுமையர்’ என்றே எழுதியிருக்கிறேன். ஆனால் 16 வயதுப் பெண்ணின் வாயில் அவள் சொன்ன ‘குவியர்’தான் இருக்கட்டும் என்று விட்டேன். பாட்டியின் வாயில் ‘பிரியம்’ இருக்கிறது. அது எந்தப் பட்டியலிலிருந்தும் வரவில்லை.

இதில் ஒரு தொழில்நுட்பத் தொல்லை. வரி நீளமாகிவிட்டது என்று மென்பொருள் சிவப்பாக எச்சரித்துக்கொண்டே இருந்தது. “எத்தனை நாளா” நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடு கணக்கில் இடைவெளியோடு 11. புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. தமிழுக்கு அந்த எச்சரிக்கையை நம்பாமல், வாய்விட்டுப் படித்து நேரம் பார்ப்பதே மேல். அப்புறம் ‘கொ’, ‘போ’ எல்லாம் உடைந்து கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகத் தெரிந்தால் பதறவேண்டாம். நான் பயன்படுத்திய பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய, மத்தியக் கிழக்கு என்று மாற்றியதும் சேர்ந்துவிட்டது. இறுதியில் வரிகளைப் படத்திலேயே பதித்துவிட்டேன், எந்தக் கணினியில் போட்டாலும் உடையாது.

25 பிரேம் விஷயம்: திரையரங்குக் கோப்புகளில் வழக்கம் 24. 25ஐ அப்படியே 24ஆக ஓட்டினால் எல்லாம் நான்கு விழுக்காடு மெதுவாகும், குரலும் கனத்துவிடும். இத்தனை பாடுபட்டு மீட்ட குரலை நான் தொட விடவில்லை, 25இலேயே கோப்பு செய்தேன். அடுத்த படத்தில் 24 பிரேம், ஷட்டர் அதே 50இல் ஒன்று. அப்படி வைத்தாலும் கரும்பட்டை வராது.

இனித் தரம்பிரிப்புக்கு அனுப்ப வேண்டும். சிங்கப்பூரில் பொதுவில் திரையிட ஐஎம்டிஏ என்ற ஊடக ஆணையத்தின் தரம் வேண்டும். தன்பாலீர்ப்பை மையமாகக் கொண்ட படம் ஆர்21 வரை போகலாம் என்று அதன் நெறிமுறைகள் சொல்கின்றன. அப்படி வந்தால் 21 வயது நிரம்பியவர்கள்தான் பார்க்க முடியும். என் நாயகியின் வயதுப் பெண் இன்னும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அவளுடைய பாட்டி பார்க்கலாம். அதையும் நினைத்துத்தான் தமிழ் வரிகளில் அவ்வளவு நேரம் செலவழித்தேன்.

முடித்த கோப்பை முதலில் பாட்டி வீட்டுக்குத்தான் எடுத்துப் போனேன். கூடத்துத் தொலைக்காட்சியில் போட்டோம். என் அம்மாவும் வந்திருந்தார். 11ஆவது நிமிடம் வந்தது. விசில் அடித்தது, தேய்ந்தது. பாட்டி திரையில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ரிமோட்டை என் கையில் கொடுத்தார்.

“நான் கேக்குற இடத்துல கொஞ்சம் சத்தம் பத்தலம்மா. அந்தப் பிள்ளைக்குக் கேக்கணும்ல?”

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு சொல்லை மட்டும் ஒரு டெசிபெல் ஏற்றினேன். இறுதிக் கோப்பில் அதுதான் இருக்கிறது.